பேதி உப்பும் மூன்று சிமெண்டு இட்லிகளும்

பிப்ரவரி 3

சிமெண்டு கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் இனாமாகத் தரும் டைரி இந்தத் தடவை ஒரு மாதம் பிந்தி வந்தது. ஆகவே என் வாழ்க்கை வரலாற்றில் ஜனவரி கிடையாது. பெரிய நஷ்டமில்லை. ஜனவரியில் நான் செய்த ஒரே காரியம், நாத்தனார் சொர்ணம் வைத்த மீன்குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொன்னது. அதை எழுத்தில் வேறு வைப்பானேன்.

இன்று பேச்சியக்கா வந்தார். முத்துப்பேச்சி, உப்பளப் பெண்கள் சங்கத்துத் தலைவி. உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினால் அதைத் தள்ளி வைத்துவிட்டு சிமெண்டு மூட்டைமேல்தான் உட்காருவார்.

"பழைய கட்டடத்த இடிக்கப் போறோம் மதுரம். அதே எடத்துல புதுசு. ஒங்க வீட்டுக்காரரே கெட்டித் தரட்டும்."

எனக்கு வாய் அடைத்துப் போனது. எனக்கு வாய் அடைப்பது தூத்துக்குடியில் மழை பெய்வது மாதிரி.

பழைய கட்டடம் என்றால், ஒன்பது வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தவசிக்கனி காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியது. தெற்கு ரோட்டில், உப்பளத்து ஓரமாகப் பெண்கள் இளைப்பாற ஒரு கூடம், பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்ட ஒரு அறை, இரண்டு கழிப்பறை. நாலே வருஷத்தில் தூண்களின் கால் வீங்கியது, வெடித்தது, விரலால் தோண்டினால் கையோடு வந்தது. பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் தார்ப்பாய் மறைப்பில் ஒதுங்குகிறார்கள். தவசி சிமெண்டைத் தின்னுட்டான் என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தெற்கு ரோட்டில் வண்டி ஓட்டுவதில்லை. என் அம்மா வீடு அந்த ரோட்டின் முனையில் இருக்கிறது. ஊரை ஒரு பிரதட்சிணம் செய்துதான் போவோம்.

"ஊர்ல வேற காண்ட்ராக்டரே இல்லியாக்கா?"

"இருக்காவ. எங்க தப்பு வரும்னு அவியளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியுமில்லா."

உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து இரண்டாம் தடவை குளிக்கப் போனார்.

பேச்சியக்கா எழுந்திருக்கும்போது ஒரு நிபந்தனை சொன்னார். கான்கிரீட்டில் மாதிரிக் கட்டி எடுத்து, இருபத்தெட்டாம் நாள் நசுக்கிப் பார்க்க வேண்டும். தேறவில்லையென்றால் எழும்பியதை இடித்துவிடுவார்கள். பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சொல்லிக்கொண்டே அவர் கண் என் கழுத்தில் கொஞ்சம் நின்றது. நேற்றுக் கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போன சங்கிலியைக் கழற்ற மறந்திருந்தேன்.

பிப்ரவரி 4

சங்கிலியைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். அது போட்டால் அரிக்கும். ஒன்பது வருஷமாக அரிக்கிறது. சீட்டு விழுந்ததென்று சொல்லி அவர் வாங்கித் தந்தது. எந்தச் சீட்டு என்று நான் கேட்கவில்லை. ஊரில் யார் வீட்டில் எந்தச் சண்டை என்றாலும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்றால், வேலை அதிகம்.

பிப்ரவரி 7

தேவகிருபையைப் பார்க்கப் போனேன். என்னோடு எட்டாவது படித்தவள். இன்று சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வைத்து ஊர்க் கான்கிரீட்டையெல்லாம் மிஷினில் நசுக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் என்னை நசுக்கிய அனுபவம் கைகொடுத்திருக்கும்.

உப்பளத்து மண்ணில் என்னதான் பேய் இருக்கிறது என்று கேட்டேன்.

"பேதி உப்பு தெரியுமில்ல? அதும், அதோட அக்கா தங்கச்சியும். கந்தகம் சேந்த உப்புக. ஈரத்தோட தூணுக்குள்ள ஏறிரும்."

"கட்டடத்துக்குப் பேதியா?"

"நீ இன்னும் மாறல. கேளு. சிமெண்டு எறுகும்போது சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சமாகும். வேலவெட்டி இல்லாம உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். இந்த உப்பு வந்து அதக் கூட்டு சேக்கும். சேந்ததும் ரெண்டும் வீங்கும். வீங்க எடம் வேணுமில்ல? வெடிச்சிரும்."

"அதுக்கு மருந்து?"

"சாம்பல். அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிச்சு வருமே, பவுடர் கணக்கா. சிமெண்டுல கால்வாசியக் கொறச்சிட்டு அதப் போடு. வெட்டியா சுத்துற சுண்ணாம்புக்கு அது ஒரு வேல போட்டுக் குடுத்துரும். ரெண்டும் சேந்து உள்ள இருக்க ஓட்டையெல்லாம் அடைக்கும். அப்பறம் உப்பு வந்து கதவத் தட்டுனா உள்ள ஆளு இருக்காது."

எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் அவனும் பஸ் ஸ்டாண்டில் கந்தகக் கூட்டம் ஒன்றோடுதான் நின்றுகொண்டிருந்தான்.

"ஆனா சாம்பல் மெதுவாத்தான் வேல பாக்கும். தண்ணி கம்மியாக் கலக்கணும், அதிக நாள் நனைக்கணும். இருவத்தெட்டு நாள்ல நசுக்கக் கூடாது, அம்பத்தாறுன்னு எழுதி வாங்கிக்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"முப்பது வருஷமா என் சிமெண்டுல ஒரு பொடி கலந்ததில்லட்டி. ஊரு சொன்னத நெசமாக்கணுமா? நெத்தியில பூசுறதத் தூணுல பூசச் சொல்லுத."

மூன்றாம் தடவை குளித்தார். சுத்தமான மனிதர்.

பிப்ரவரி 9

அவர் வெளியூர். சாம்பல் செங்கல் போடுகிறவர்களிடம் ஒரு பை சாம்பல் வாங்கி வந்தேன். நிஜமாகவே முகப்பவுடர் மாதிரி வழுக்குகிறது. கன்னத்தில் கொஞ்சம் பட்டுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், வழக்கமான பவுடரைவிட மோசமில்லை.

எந்த அச்சில் வார்ப்பது என்று யோசித்தபோது இட்லித் தட்டு கண்ணில் பட்டது. எண்ணெய் தடவி மூன்று குழியில் மூன்று வகை ஊற்றினேன். அடையாளத்துக்கு விளக்குமாற்றுக் குச்சியால் ஓட்டை. ஒற்றை ஓட்டை, சிமெண்டு குறைவாக. இரட்டை ஓட்டை, அந்தக் கட்டடத்துக்குப் போட்டதாக அவர் சொன்ன மாதிரி, சிமெண்டு வழக்கத்துக்கு அதிகமாக. மூன்று ஓட்டை, சாம்பல் போட்டது.

போனில் கேட்ட தேவகிருபை சிரித்தாள். "சாம்பல் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, போதுமே. கொறச்சுப் போட்டது ஒண்ணு எதுக்கு?"

அழகுக்கு என்றேன்.

மார்ச் 10

ஒரு மாதம் நல்ல தண்ணீரில் ஊறிய இட்லிகளை இன்று வெளியே எடுத்தேன். உப்பளத்தில் அந்தக் கட்டடத்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருக்கிறது. அதில் ஊறிய தண்ணீரைப் பேச்சியக்கா இரண்டு கேனில் கொடுத்தனுப்பினார். எதற்கு என்று கேட்கவில்லை. சாம்பார் வைக்கவா என்று மட்டும் கேட்டாராம்.

பின்கட்டில் பிளாஸ்டிக் டிரம். இட்லிகள் பாதி முங்கும் அளவுக்குத் தண்ணீர். வற்ற வற்ற ஊற்ற வேண்டும்.

மார்ச் 16

சொர்ணத்தின் ஆடு சுவர் ஏறி வந்து டிரம்மில் வாய் வைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் அவள் முற்றம் முழுக்க ஆட்டின் விமர்சனம்.

"மதனி, என் ஆட்டுக்கு என்னத்தக் குடுத்திய?"

"கந்தகம் சேந்த உப்பு, அதோட அக்கா தங்கச்சி."

"ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான். ஆடு பாவமில்லியா."

பாவம்தான். இரவெல்லாம் அதற்குக் கஞ்சித்தண்ணி ஊற்றினேன். டிரம்முக்கு மூடி போட்டேன். ஆனால் தேவகிருபை சொன்னது பொய்யில்லை என்று முதல் சாட்சி கிடைத்தது.

ஏப்ரல் 2

என் வீட்டுக்காரர் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டார். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி கணீரென்றது.

"என்னட்டி இது?"

"இட்லி."

"ஒன் இட்லி எப்பவும் இப்படித்தான் இருக்கும். ஊற வேற வைக்கணுமா?"

போட்டுவிட்டுப் போய்விட்டார். ஓட்டைகளை எண்ணினாரா தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் எதை எண்ணுகிறார், எதை விடுகிறார் என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

ஏப்ரல் 21

சொர்ணம் என்னிடம் இட்லித் தட்டை இரவல் வாங்கிப் போனாள். சிமெண்டு வாசம் அடிக்கி என்று திருப்பித் தந்தாள். அவள் இட்லிக்கு ஒரு வாசமாவது கிடைத்ததே.

ஜூன் 8

ஒற்றை ஓட்டை உதிர ஆரம்பித்துவிட்டது. தொட்டால் விளிம்பு மணலாகக் கொட்டுகிறது. மூன்று ஓட்டை அப்படியே இருக்கிறது.

இரட்டை ஓட்டையும் அப்படியே இருக்கிறது. கல் மாதிரி. கெட்டியாக, வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல்.

பரிசோதனை நல்லபடியாகப் போகிறது. எனக்கு ஏன் இப்படி எரிச்சலாக வருகிறது என்று தெரியவில்லை. வெயில்.

ஜூன் 9

துவரம்பருப்பு, நல்லெண்ணெய், அவருக்கு ரேசர்.

ஜூன் 27

இரட்டை ஓட்டை அப்படியே. அவரோடு சண்டை. காரணம்: ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். அதற்கு இவ்வளவு பேசியிருக்க வேண்டியதில்லை.

ஜூலை 19

இன்று காலை இரட்டை ஓட்டையின் விளிம்பில் தலைமுடி அளவு ஒரு விரிசல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். விரிசல்தான்.

பால் பாயசம் வைத்தேன்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"சும்மாத்தான். முந்திரி கெடந்தது."

ஜூலை 30

விரிசல் வலை மாதிரி விளிம்பைச் சுற்றிவிட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடு. வீங்கியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி நகை வாங்கினால் நான் வீங்குவது போல. மூன்று ஓட்டை தேமே என்று கிடக்கிறது.

ஆகஸ்டு 11

பழைய கட்டடத்தை இன்று இடித்தார்கள். என் வீட்டுக்காரர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் போனேன்.

தூணின் அடி பொலபொலவென்று வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேல்தோல் அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்தது. அதற்குள்ளே கடப்பாரை தெறித்தது. இடித்தவர்களில் ஒருவர் கையை உதறிக்கொண்டு, "சிமெண்டத் தின்னவன் போட்ட தூணு மாதிரி இல்லியே, நடுவுல இரும்பால்லா இருக்கு" என்றார்.

ஒரு கட்டியைத் துணியில் சுற்றித் தேவகிருபையிடம் கொண்டுபோனேன். கைப்பையில் இரட்டை ஓட்டையும் மூன்று ஓட்டையும் இருந்தன. மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். தூண் துண்டிலும் அதே வலை விரிசல், அதே வெள்ளைக் கோடு. இரட்டை ஓட்டையின் கூடப் பிறந்தது மாதிரி இருந்தது. ஒற்றை ஓட்டையை மட்டும் கொண்டுவர முடியவில்லை, வீட்டு டிரம்மின் அடியில் மணலாகக் கிடந்தது.

தேவகிருபை ஒரு துணுக்கைப் பொடித்து ஏதோ திராவகத்தில் போட்டு, கணக்குப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் மேசையிலிருந்த பழைய வாரப் பத்திரிகையில் ஒரே பக்கத்தை நாற்பது தடவை படித்தேன்.

"சிமெண்டு கொறையல மதுரம். வேணுங்கறதுக்கு மேலயே அள்ளிப் போட்டிருக்காரு. ஆனா அந்த மண்ணுக்கு அளவு கூட்டி என்ன செய்ய? தண்ணியும் கூடிருக்கும். வகையத்தான மாத்தியிருக்கணும்."

சுவரில் மணி பார்த்தேன். ஒன்றே கால்.

வீட்டுக்கு வந்தேன். அவர் படுத்தபடியே இருந்தார். கட்டியைத் தலைமாட்டில் வைத்தேன். எழுந்து உட்கார்ந்து அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பு மண்ணாச்சேன்னு கலவைக்கு ஒரு மூட்ட கூடப் போட்டேன். அன்னைக்கே ஒங்கிட்டச் சொன்னேன்லா."

"ஆமா. எனக்குத் தெரியுமே."

எப்போதிருந்து என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மத்தியானம் ஒன்றே காலிலிருந்து என்று சொல்ல வேண்டியிருக்கும். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணு ஓட்ட இட்லிய எடு பாப்போம்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, எண்ணியிருக்கிறார்.

ஆகஸ்டு 20

அஸ்திவாரக் கான்கிரீட். சாம்பல் போட்டுத்தான். தேவகிருபை கூடவே நின்று தண்ணீரை அளந்தாள். பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் கலவை மிஷின் பக்கம் ஒரு சிமெண்டு மூட்டையோடு நழுவுவதைப் பார்த்தேன்.

"என்னங்க அது?"

"ஒண்ணே ஒண்ணு. ஒரு தெம்புக்கு."

மூட்டையை வாங்கிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சோற்றைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டேன். என் உடல் எடையால் ஊருக்கு விளைந்த முதல் நன்மை இது.

செப்டம்பர் 17

இருபத்தெட்டாம் நாள். கட்டியை நசுக்கினால் மிஷின் முள் இருபத்தைந்தைத் தொட வேண்டும். இருபத்தொன்று வந்தது.

தேவகிருபை பதறவில்லை. "நாந்தான் சொன்னேனே, அம்பத்தாறுன்னு எழுதச் சொல்லி. எழுதிருக்கீங்கள்ல?"

பேப்பரை எடுத்துப் பார்த்தோம். இருபத்தெட்டு என்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒப்பந்தத்தைப் பார்த்து வரி மாறாமல் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏன் அதப் பாத்து எழுதினிய?"

"அதுல என் கையெழுத்து நல்லா இருந்துச்சிட்டி."

செப்டம்பர் 18

அம்மா வீட்டுக்குப் போனோம். ஒரு மாதமாகத் தெற்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி இன்று மறுபடியும் ஊரைச் சுற்றிப் போனது. காற்று மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 19

பேச்சியக்கா வந்தார். கூடவே சங்கத்திலிருந்து கிட்ணம்மா. கிட்ணம்மா பேசினால் உப்பே கொஞ்சம் இனிப்பாகத் தெரியும்.

"சாம்பலக் கலந்தா அடுப்படிதான் கெட்டலாம், கட்டடமா கெட்ட முடியும்? நாளைக்கே ஆளக் கூப்பிட்டு இடிச்சிருவோம்க்கா."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குளிக்கக்கூடப் போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. டிரம்மைத் தரதரவென்று இழுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தேன்.

"கிட்ணம்மா, சாப்பிட்டுட்டுப் பேசு. இட்லி இருக்கு."

இரட்டை ஓட்டையை அவள் கையில் கொடுத்தேன். உடை என்றேன். முறுக்கு மாதிரி உடைந்தது. மூன்று ஓட்டையைக் கொடுத்தேன். முழங்காலில் வைத்து அமுக்கினாள். பல்லைக் கடித்தாள். பேச்சியக்கா அதைப் பிடுங்கி, அம்மிக்குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டார். குழவியின் முனை பெயர்ந்தது. என் கல்யாணச் சீராக வந்த குழவி. பரவாயில்லை.

"ஒரே தண்ணியிலதான் ஆறு மாசமா மூணும் கெடக்குது. ஒங்க குழித் தண்ணிதான் அது," என்றேன். "ரெட்ட ஓட்ட, பழைய கட்டடம். மூணு ஓட்ட, புதுக் கட்டடம். சாம்பலுக்கு நாளாகும்க்கா. இன்னும் இருவத்தெட்டு நாளு குடுங்க."

"பேப்பர்ல ஒங்காளு எழுதிருக்கது இருவத்தெட்டுதான," என்றாள் கிட்ணம்மா.

பேச்சியக்கா இட்லியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஏன் கிட்ணம்மா, பாத்தியில தண்ணி கெட்டுன மறுநாளே உப்பு வாருவியா நீ?"

கிட்ணம்மா உடைந்த இட்லித் துண்டைத் தரையில் வைத்தாள். பேச்சியக்கா என் பக்கம் திரும்பினார்.

"அம்பத்தாறாம் நாளு. அதுலயும் தேறலைன்னா நானே கடப்பாரைய எடுப்பேன். இவரு தலையத் தூக்கிச் சரின்னு சொல்லட்டும்."

தூக்கினார். சொன்னார்.

வாசல் வரை போன பேச்சியக்கா திரும்பி வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் மணல்.

"அந்த ஒத்த ஓட்ட எதுக்குளா செஞ்ச?"

என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"காப்பி ஆறுதுக்கா," என்றேன்.

அக்டோபர் 3

தினமும் காலையும் மாலையும் கட்டடத்துக்குத் தண்ணீர் அடிக்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. தான் குளிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அக்டோபர் 15

முப்பத்தொன்று.

மிஷினில் முள் இருபத்தைந்தைத் தாண்டியபோது தேவகிருபை என்னைப் பார்த்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். மூன்று கட்டியும் தேறிவிட்டன. பேச்சியக்கா தேவகிருபை எழுதித் தந்த தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "செவரு எப்ப எழும்பும்?" என்று மட்டும் கேட்டார். கிட்ணம்மா ஒரு கிலோ கல்லுப்பு கொடுத்தாள். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் மறுப்பாள்.

அம்மாவுக்குச் சொல்லக் கிளம்பினோம். கிளம்பும்போது டப்பாவைத் திறந்து, அரித்தால் அரிக்கட்டும் என்று சங்கிலியைப் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார், வண்டிச் சாவியை எடுத்தார். வண்டி தெற்கு ரோட்டில் திரும்பியது. கட்டடம் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார். நானும் பின்னால் உட்கார்ந்தபடி ஒன்பது வருஷக் கேள்வியை அவர் முதுகிடம் கேட்டேன்.

"அந்தச் சீட்டு யாருகிட்டங்க போட்டிய?"

"எந்தச் சீட்டு?"

"இந்தச் சங்கிலிச் சீட்டு."

"ஒங்க அம்மாகிட்டதான். அவுகதான ரகசியமா சீட்டு நடத்துனாவ. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

"ஏன்?"

"ஒங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரியாம்."

மீதி வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா வீட்டில் போய்த் திறந்தேன். அது தனிக் கதை.

சரியான புழுக்கம் இன்று. எதிர்க்காற்றில் உப்புப் புழுதி, கழுத்தெல்லாம் வியர்வை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சோறு போட்டு, பாத்திரம் தேய்த்து, சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் கையில் தட்டுப்பட்டது. சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது.